கோப்புறைகளுக்குள் அலைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், சிறிய மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம் என்று நாள் முழுவதும் வரும் தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினிக்குள் போகின்றன. சில மாதம் கழித்து அவற்றில் ஒன்றைக் கேட்டு யாராவது திரும்பி வருவார்கள்.

அப்படித்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனின் பிறப்புச் சான்றிதழை முன்பு எங்களிடம் மொழிபெயர்த்திருந்தார். விசா விண்ணப்பத்துக்கு இன்னொரு பிரதி தேவைப்பட்டது. "தம்பி, இரண்டு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்" என்றார். கணினியில் இருந்தவன் புதிதாகச் சேர்ந்த பையன். டி டிரைவைத் திறந்தான், ஒரு கோப்புறைக்குள் போனான், அங்கே இல்லை, சாளரத்தை மூடினான், மறுபடி முதலிலிருந்து டி டிரைவ். இப்படியே இருபது நிமிடம் போயிற்று. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் கோப்பு 'நியூ ஃபோல்டர் 7' என்ற கோப்புறைக்குள் கிடந்தது.

கெட்டிக்காரப் பையன், தட்டச்சில் நல்ல வேகம். கோப்புறைகளுக்குள் எப்படிப் போய்வருவது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம்மில் பெரும்பாலானோருக்கும் அப்படித்தான். அவனுக்கு அன்று மாலை சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

எதற்கும் புறக்கோட்டைக்குப் போய்த் திரும்புவது

வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போக வேண்டிய ஒருவர், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பம்பலப்பிட்டிக்குத் திரும்பி வருவாரா? கணினியில் நாம் அதைத்தான் செய்கிறோம். 'பிறப்பு' என்ற கோப்புறையில் நிற்கிறோம். பக்கத்தில் உள்ள 'திருமணம்' கோப்புறை வேண்டும். உடனே சாளரத்தை மூடிவிட்டு டிரைவிலிருந்து மறுபடி இறங்குகிறோம்.

சாளரத்தின் மேலே உள்ள முகவரிப் பட்டையைப் பாருங்கள். டி டிரைவ், 2025, மொழிபெயர்ப்பு, பிறப்பு என்று நீங்கள் வந்த வழி முழுவதும் அங்கே வரிசையாக இருக்கும். அந்தப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு பொத்தான். பெயர்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய அம்புக்குறியையும் அழுத்தலாம். 'மொழிபெயர்ப்பு' என்பதற்கு அடுத்த அம்பை அழுத்தினால் அதற்குள் உள்ள எல்லாக் கோப்புறைகளும் பட்டியலாக விழும். 'திருமணம்' என்பதைத் தேர்ந்தால் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். இரண்டே சொடுக்கு. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த வசதி இது. இத்தனை ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தும் அந்த அம்பைத் தொட்டவர்கள் மிகக் குறைவு.

நாள்தோறும் போகும் கோப்புறைகளுக்கு இதைவிடக் குறுக்கு வழி இருக்கிறது. கோப்புறையை வலச்சொடுக்குச் செய்து, விரைவு அணுகலில் (குயிக் அக்செஸ்) பொருத்தும் கட்டளையைத் தேர்ந்தால் அது இடப்பக்கப் பட்டியலில் ஏறி நிற்கும். இதன் பெரிய பயன் வேறோர் இடத்தில் தெரியும்: வேர்டிலோ எக்செலிலோ ஒரு கோப்பைச் சேமிக்கும்போது திறக்கும் பெட்டியிலும் அதே பட்டியல் இருக்கிறது. 'எங்கே சேமித்தேன் என்று தெரியவில்லை' என்ற புலம்பலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்தாறு கோப்புறைகளுக்கு மேல் பொருத்தாதீர்கள். இருபது பொருத்தினால் அந்தப் பட்டியலிலும் தேட வேண்டி வரும். அடிக்கடி திறப்பவற்றை விண்டோஸ் தானாகவே அங்கே சேர்ப்பதும் உண்டு. இன்று இருந்தது நாளை இருக்காது, கைக்குப் பழகாது. கோப்புறைத் தெரிவுகளுக்குள் (ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்) போய் அதை நிறுத்திவிடுவது நல்லது.

விசைப்பலகைக்காரர்களுக்கு: விண்டோஸ் விசையுடன் ஈ (E) அழுத்தினால் கோப்புறைகளைக் காட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் சாளரம் திறக்கும். ஆல்ட்டுடன் டி (D) அழுத்தினால் முகவரிப் பட்டைக்குள் போவீர்கள். அங்கே தட்டத் தொடங்கினாலே மீதிப் பெயரைக் கணினி எடுத்துக்கொடுக்கும். விண்டோஸ் 11இல் 2022 முதல் ஒரே சாளரத்துக்குள் பல தாவல்கள் திறக்கலாம், கண்ட்ரோலுடன் டி (T).

பின்னால் போவது வேறு, மேலே போவது வேறு

இடப்பக்கம் பார்க்கும் அம்பு, நீங்கள் முன்பு இருந்த இடத்துக்குக் கூட்டிப்போகும். மேல்நோக்கும் அம்பு, இந்தக் கோப்புறையைத் தனக்குள் வைத்திருக்கும் கோப்புறைக்குக் கூட்டிப்போகும். டிரைவிலிருந்து படிப்படியாக இறங்கி வந்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் விடும். அதனால்தான் வேறுபாடு தெரியாமலே காலம் ஓடிவிடுகிறது. தேடல் முடிவிலிருந்தோ வேறொரு மென்பொருளிலிருந்தோ ஒரு கோப்புறை நேரடியாகத் திறக்கும்போதுதான் சிக்கல். பின்னால் போக வரலாறு இருக்காது, அம்பு மங்கிக் கிடக்கும். வழி அடைபட்டுவிட்டதாக எண்ணிச் சாளரத்தை மூடிவிடுகிறோம்.

மேலே போவதற்கு ஆல்ட்டுடன் மேல் அம்பு விசை. எப்படி வந்து சேர்ந்திருந்தாலும் இது வேலை செய்யும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பழகியவர்கள் பேக்ஸ்பேஸ் விசை மேலே கூட்டிப்போகும் என்று இன்னும் நம்புகிறார்கள். விஸ்டாவிலிருந்து அது பின்னால் போகும் விசையாகிவிட்டது.

கண்ணால் தேடுவது

400 கோப்புகள் உள்ள கோப்புறையில் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்ப்பவர்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. கோப்புறை திறந்திருக்கும்போது பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை விரைவாகத் தட்டினால் போதும், அந்தப் பெயரிடம் போய் நிற்கும். நிறுத்தி நிறுத்தித் தட்டினால் ஒவ்வொன்றையும் புதிய தேடலாக எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து தட்ட வேண்டும். பெயர் நினைவில்லை, நேற்று வந்த கோப்பு என்பது மட்டும் தெரியும் என்றால், மாற்றிய திகதி என்ற நிரலின் தலைப்பை ஒருமுறை அழுத்துங்கள். புதியவை மேலே வராவிட்டால் இன்னொருமுறை அழுத்துங்கள்.

பதிவிறக்கக் கோப்புறையில் மட்டும் பெயர் வரிசை குழம்பியதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 2019 முதல் விண்டோஸ் அதை இன்று, நேற்று, போன வாரம் என்று கூறு கூறாகப் பிரித்துக் காட்டுகிறது. வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, குழுவாக்குவதை நீக்கிவிடலாம்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோப்புகளைப் பெரிய படங்களாகக் காட்டும் பார்வையைப் பலர் விரும்புகிறார்கள். வீட்டுப் புகைப்படங்களுக்கு அது சரி. எங்களைப் போன்ற நிலையங்களிலும் போட்டோகொப்பிக் கடைகளிலும் வாடிக்கையாளர் திரைக்கு எதிரில்தான் நிற்கிறார். அவருடைய தாளைத் தேடும்போது வேறு பத்துப் பேரின் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அவர் கண்முன் விரிகின்றன. ஒருவர் நம்மை நம்பித் தந்த தாளை அடுத்தவர் பார்க்கும்படி விடக்கூடாது. கண்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விவரப் பார்வை வரும்: பெயர், திகதி, வகை, அளவு மட்டும். திரையில் மூன்று நான்கு மடங்கு கோப்புகள் தெரியும், யாருடைய முகமும் தெரியாது. எங்கள் கணினிகளில் இது கட்டாயம்.

கொழும்பு முழுவதையும் சல்லடை போடுவது

தேடல் பெட்டி, நீங்கள் நிற்கும் கோப்புறையையும் அதற்குக் கீழுள்ளவற்றையும்தான் தேடும். கணினியின் உச்சியில் நின்று தேடினால் எல்லா டிரைவையும் அது அலச வேண்டும். வழக்கமான அமைப்பில் விண்டோஸ் அட்டவணை போட்டு வைத்திருப்பது பயனரின் சொந்தக் கோப்புறைகளை மட்டுமே. நம்மவர்கள் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் டி டிரைவ் அந்த அட்டவணையில் இருக்காது. பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆண்டும் வகையும் தெரியும் என்றால் முதலில் அந்தக் கோப்புறைக்குள் போய்விட்டு, பிறகு கண்ட்ரோலுடன் எஃப் அழுத்தித் தேடுங்கள்.

இழுத்துப் போட்டுத் தொலைப்பது

'கோப்புறை காணாமல் போய்விட்டது' என்று பதறி வருபவர்களில் பலருக்கு நடந்தது ஒன்றே. மவுஸ் பொத்தானை அழுத்தியபடி கை சற்று நகர்ந்திருக்கிறது. கோப்புறை பக்கத்திலுள்ள கோப்புறைக்குள் போய் விழுந்திருக்கிறது. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு இடம் மாறும், பென் டிரைவ் போன்ற வேறு டிரைவுக்கு இழுத்தால் பிரதியாகும். இந்த வேறுபாடு தெரியாமல் நகலெடுப்பதாக நினைத்து மூலத்தையே நகர்த்திவிடுகிறார்கள். நடந்த உடனே கண்ட்ரோலுடன் இசட் அழுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். வலப்பொத்தானால் இழுத்தால் நகர்த்தவா, பிரதியெடுக்கவா என்று கேட்கும். நான் அப்படியே பழகிக்கொண்டேன்.

பெயர்கள்

மேலே சொன்ன விசைகள் எல்லாம் தெரிந்திருந்தாலும் 'நியூ ஃபோல்டர் 7' என்ற பெயர் இருக்கும்வரை அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். பெயர் வைக்கும் ஐந்து விநாடியை மிச்சம் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. கோப்புறையை உருவாக்க கண்ட்ரோல், ஷிப்ட், என். அப்போதே பெயரைத் தட்டுங்கள். பெயர் மாற்ற எஃப்2. மாற்றி முடித்ததும் எண்டருக்குப் பதில் டேப் விசையை அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயரை மாற்றலாம். ஸ்கேன் செய்த முப்பது பக்கங்களுக்கு மவுஸைத் தொடாமலே பெயர் வைத்துவிடலாம்.

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-03-14. நம் அரச கடிதங்களில் பார்த்துப் பழகிய வரிசைதான். இப்படி எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி 14, மார்ச் 14, ஒக்டோபர் 14 எல்லாம் ஒன்றாகக் குவியும். சாய்கோடு போடாதீர்கள், விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது.

கோப்புறைக்குள் கோப்புறையாக எட்டுப் பத்துப் படி இறங்குவதும் ஆபத்து. டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரை எல்லாம் சேர்ந்து 260 குறிகள் என்பது விண்டோஸின் பழைய எல்லை; ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இன்னும் அதில் இடறுகிறது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு அந்த எல்லை முன்னதாகவே வந்துவிடும். 'மொழிபெயர்ப்பு' நமக்கு 7 எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 13. அதற்காகத் தமிழை விட வேண்டாம். சுருக்கமாக வையுங்கள், மூன்று நான்கு படிகளோடு நிறுத்துங்கள். எங்களிடம் ஆண்டு, வகை, கோப்பு என்று மூன்றே படி.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களில் மிகப் பலர் அந்த எழுத்துருவில்தான் தொடங்கினோம். பாமினியில் 'தமிழ்' என்று தட்டும்போது கணினிக்குள் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் (jkpo;). எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கோப்பின் பெயரில் அந்தப் போர்வை இல்லை, எனவே அங்கே புரியாத ஆங்கில எழுத்துகளே தெரியும். இன்று எங்கும் வழங்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) 'தமிழ்' என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. கோப்புக்குள் நூறு முறை அந்தச் சொல் இருந்தாலும் அகப்படாது. பெயரை ஒருங்குறியில் தட்டுவதே இதற்குத் தீர்வு. உள்ளே இருப்பது பழைய எழுத்துருவாகவே இருந்தாலும் பெயராவது கண்ணுக்கும் தேடலுக்கும் எட்டும்.

எங்களிடம் அத்தகைய பழைய கோப்புகள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து மாற்ற ஆளும் இல்லை, நேரமும் இல்லை. யாராவது வந்து கேட்டு ஒரு பழைய கோப்பைத் திறக்க நேர்ந்தால், அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அச்சுப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃப்2 அழுத்தி அதன் பெயரைத் திகதியுடன் ஒருங்குறியில் மாற்றிவிடுகிறோம். அந்தப் பையன்தான் இப்போது இதில் முந்திக்கொள்கிறான்.