புராஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு மருந்து சேர்த்துச் சாப்பிடும்போது

டாம்சுலோசின் 0.4 மி.கி., டியூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி.: புராஸ்டேட் சுரப்பி நன்றாகப் பெருத்தவர்களுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதித் தரும் ஜோடி இது. முன்னது சிறுநீர் வழியை இறுக்கும் தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே சிறுநீர் தாராளமாகப் போகும். பின்னது சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய 6 மாதம்கூட ஆகலாம். இரண்டாம் மாதமே ‘கேட்கவில்லை’ என்று தாங்களாக நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

தினமும் அதே வேளைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, கேப்சூலை மெல்லாமல் உடைக்காமல் விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். ராத்திரி எழும்போது கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து எழுங்கள்.

டியூட்டாஸ்டெரைடு, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அளவை 6 மாதத்தில் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 2 என்றிருந்தால் 4 என்றுதான் கணக்கு. கண்புரை ஆபரேஷனா? டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கசிந்த டியூட்டாஸ்டெரைடு கேப்சூலைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது.