முதலில் வாங்கும் விமானம் பழையதா? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

அமெரிக்காவில் 1940-களின் பைப்பர் ஜே-3 கப், ஏரோன்கா சாம்ப் என்ற இரு இருக்கைச் சிறு விமானங்களில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும் புது பைலட்டுக்குச் சாம்ப்தான் வசதி. தனியாகப் பறக்கும்போது முன் இருக்கையில் உட்காரலாம். கப்பில் பின்னால் உட்கார வேண்டும், தரையில் ஓடும்போது முன்பக்கம் சரியாகத் தெரியாது.

கப்பில் முதலில் பார்க்க வேண்டியது இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட். இந்த எஃகுக் குழாய்க்குள் ஈரம் இறங்கி, கீழ்முனையில் உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். ஈரம் புகாதபடி அடைத்த வகை ஸ்ட்ரட் மாற்றியிருக்கிறார்களா என்று விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் தேடுங்கள்.

சாம்பில் கவலை மர ஸ்பார், அதாவது இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மை விட்டம். இறக்கை முனை எப்போதாவது தரையில் இடித்திருந்தால், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப்களின் ஆணிகளை ஒட்டி அதில் விரிசல் விட்டிருக்கலாம். சோதனைத் துளை வழியே விளக்கும் கண்ணாடியும் விட்டு, விற்பவருடைய ஆளல்லாத மெக்கானிக் பார்க்கட்டும்.

இரண்டிலும் எஞ்சின் பொதுவாக 65 குதிரைத்திறன்தான், கனத்த இருவர் ஏறினால் எரிபொருள் டாங்கை நிரப்ப எடை வரம்பு இடம்கொடுக்காது.