முதியோர் இல்லம் தேடும்போது வரவேற்பறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரப் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுப்பதே இன்னும் கஷ்டம். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் அம்மா தனியாக விழுந்து கிடந்த பிறகுதான் தேடல் தொடங்கும். உறுத்தும் மனதோடு போகிறவர் கண்ணில் முதலில் படுவது பளபளக்கும் தரை, பெரிய டிவி, தோட்டம். பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அது நம் நிம்மதி. அங்கே தங்கப்போகிறவரின் நாளும் இரவும் எப்படிக் கழியும் என்பதை அந்தத் தரை சொல்லாது.

பெரிய தவறு, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலை பத்து மணிக்கு மட்டும் போய்ப் பார்ப்பது. அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். அழைப்பு மணி அடித்து எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று கவனியுங்கள். இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர், அவர்களில் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர் யார் என்று கேளுங்கள். வெள்ளைச் சீருடை போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை. கேர்கிவர், அதாவது நர்ஸ் பயிற்சி இல்லாத பராமரிப்பாளர், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினால் இன்சுலினை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் நம்மில் அரிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது படுக்கைப்புண். மெத்தை விலை உயர்ந்தது என்றால் புண் வராது என்று பலர் நம்புகிறார்கள். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எந்த மெத்தையும் அந்த வேலையை முழுசாகச் செய்யாது. திருப்பிய நேரத்தைக் குறித்து வைக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது, அது இங்கே வந்ததா, ஆஸ்பத்திரியிலிருந்தே வந்ததா என்று நேராகக் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிற இல்லத்தை நான் நம்புவேன்.

சாப்பாட்டு நேரத்திலும் போய்ப் பாருங்கள். தட்டை வைத்துவிட்டு அரை மணியில் அப்படியே எடுத்துப் போனால், மெனு எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் பயனில்லை. மாதாமாதம் எடை பார்க்கிறார்களா என்பது முக்கியமான கேள்வி. பகல் பதினொரு மணிக்கு ஹாலில் எல்லோரும் தலை தொங்கித் தூங்கினால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: மருத்துவம் மட்டும்தான் முக்கியம், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பது. புரட்டாசி முழுக்க கறி, மீன் தொடாத பாட்டியின் தட்டில் கறி வைத்தால் அவர் சாப்பிடமாட்டார், உடம்பும் தேறாது. பருப்பும் ரசமும், காலையில் சாமி படத்துக்கு முன் கொஞ்ச நேரம், அவர் பழகிய நேரத்தில் குளியல், இவையும் பராமரிப்புதான். மறதி நோய் முற்றியவர்களில் சிலர் சின்ன வயதில் பேசிய தமிழுக்கே திரும்பிவிடுகிறார்கள். பராமரிப்பவருக்கோ ஜூலுவும் ஆங்கிலமும்தான் தெரியும். தண்ணி, வலிக்குது, பசிக்குது போன்ற பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, அர்த்தத்தோடு அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் விடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி இல்லங்கள் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநல நிலையங்களின் விவகாரத்தில், கௌட்டெங் மாநிலத்தில் 2016இல் மனநல நோயாளிகளை முறையான உரிமம் இல்லாத இடங்களுக்கு மாற்றி, 144 பேர் இறந்துபோனதை நாடே பார்த்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை என்பதையும் நினைவில் வைத்து, தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பணத்தில் ஒரு விஷயம். லைஃப் ரைட் முறையில் (வீடு சொந்தமாகாது, ஆயுள் முழுக்க அதில் வாழும் உரிமையை மட்டும் வாங்குவது) அழகான வீட்டுக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டுமுன், படுத்த படுக்கையானால் ஃபிரெயில் கேர், அதாவது தானாக எதுவும் செய்ய முடியாதவர்களுக்கான முழுநேரப் பராமரிப்பு, அங்கேயே கிடைக்குமா, அதற்கு மாதம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மாதச் செலவை மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) பொதுவாகத் தராது.

அப்புறம், அவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். புரிந்து பதில் சொல்லக்கூடியவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. சில இல்லங்களில் ஓரிரு வாரம் தங்கிப் பார்க்கலாம். அப்படித் தங்கிவிட்டு வந்தபின் வீட்டில் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: ராத்திரி கூப்பிட்டீங்களா அம்மா, யார் வந்தாங்க?