ராஜபாளையம் குட்டி வாங்குகிறீர்களா? முதலில் காதைப் பாருங்கள்

ராஜபாளையம் குட்டி தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பால் வெள்ளைதானே? மூக்கு ரோஸ்தானே?" என்றுதான். நான் முதலில் கேட்பது வேறு: குட்டிக்குக் காது கேட்கிறதா? அதன் தாய்க்கும் தகப்பனுக்கும் கேட்கிறதா?

முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். உள்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். புள்ளி விழுந்த குட்டிகளை ஒதுக்கி வெள்ளையை மட்டுமே பெருக்கினால் இந்தக் குறையும் சேர்ந்தே பெருகும்.

படி 1: நமக்கு இது சரிப்படுமா?

தோள் உயரம் இரண்டடிக்கு மேல். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். தினமும் ஓட இடமும், கூடவே இருக்க ஆளும் வேண்டும். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 2: தாயோடு சேர்த்துப் பாருங்கள்

வளர்ப்பவர் வீட்டுக்கே போங்கள். தாய் நாயைக் காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்பது சட்டப்படி தவறு. "இப்பவே எடுத்துட்டுப் போனா நல்லா பழகும்" என்பதெல்லாம் விற்பவரின் வசதிக்குச் சொல்வது. கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) சான்றிதழ் இருந்தால் வம்சாவளி தெரியும். காது கேட்குமா என்பது அதில் இருக்காது.

படி 3: காது சோதனை

குட்டிகளின் காது சுமார் மூன்றாவது வாரத்தில் திறக்கும். அதற்கு முன் பார்த்துப் பயனில்லை, 5 வாரம் தாண்டட்டும்.

குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்: செவிட்டுக் குட்டி மற்றவை ஓடினால் தானும் ஓடும், கேட்பது போலவே தெரியும். அது வேறு பக்கம் பார்க்கும்போது கதவுக்குப் பின்னால் இருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள், விசில் அடியுங்கள். பக்கத்தில் நின்று கை தட்டாதீர்கள், காற்றசைவு தெரிந்துவிடும். தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும். தூங்கும்போதும் ஒரு முறை செய்து பாருங்கள்.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அது தடுமாறலாம். உறுதியாகச் சொல்ல 'பேயர்' (BAER) என்ற மின் சோதனைதான் வழி; சத்தத்துக்கு மூளை காட்டும் மின் அசைவை அது ஒவ்வொரு காதுக்கும் தனியாகப் பதிவு செய்யும். ஒரு காது போதும், வீட்டு நாயாக நன்றாகவே வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் கூடாது. இரண்டும் கேட்காததையும் கைச்சைகையால் பழக்கலாம், ஆனால் வெளியே போனால் கயிறு கட்டாயம்.

படி 4: ஊசி

6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் வரை 3-4 வார இடைவெளியில் தொடர் ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இவை முடியும் வரை தெருவில் நடத்த வேண்டாம். பார்வோ என்ற கொடிய குடல் தொற்று வந்தால் குட்டி பிழைப்பது சிரமம். குடற்புழு மருந்தை மருத்துவர் சொன்ன தேதியில் கொடுங்கள்.

படி 5: இணை சேர்ப்பது

பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். 12 மாதத்தில் ஒரு ஈத்துதான், வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, 8 வயதுக்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும். விற்கப்போகிறீர்கள் என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் வேண்டும்.

அண்ணன் தங்கையைச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் புருசெல்லா (இணை சேரும்போது பரவி, கருவைக் கலைக்கும் கிருமி) ரத்தப் பரிசோதனையும் காது சோதனையும் முன்பே முடியட்டும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அந்த நாட்களில் பலம் என்று சொல்லி கால்சியம் மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். பால் கொடுக்கும்போது ரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைந்து வலிப்பு வர அதுவே வழிவகுக்கும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளியே வராவிட்டால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 6: விற்பது

செவிட்டுக் குட்டி என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், காவல் நாய் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். புள்ளி விழுந்த குட்டியும் நல்ல குட்டிதான், அதற்கும் வீடு தேடுங்கள். ஊசி அட்டை, புழு மருந்துத் தேதிகள், பெற்ற நாய்களின் காது சோதனை விவரம் எல்லாம் குட்டியோடு போகட்டும். அப்புறம், வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தரலாம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.