பழைய டர்போ காருக்கு இன்ஜின் கட்டுகிறவர்கள் பணத்தை விடும் இடங்கள்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கிவிட்டு, "அண்ணா, இன்ஜின் இறக்கப் போறேன், கூடவே என்னென்ன ஏத்தலாம்?" என்று கேட்டு வரும் பையன்கள் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இப்போதும் இருக்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஃபோனில் அவர்கள் காட்டும் பட்டியலைப் பார்த்தால், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் எந்த வரிசையில் பணத்தைத் தொலைத்தோமோ அதே வரிசைதான். முதலில் பெரிய டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பாகம்), அப்புறம் சைலன்சர், அப்புறம் ப்ளோ-ஆஃப் வால்வு (மிதியை விட்டதும் மிஞ்சிய காற்றைப் புஸ்ஸென்று வெளியே விடுவது), கடைசியில் காசு மிச்சமிருந்தால் பேரிங்கும் ஆயில் பம்பும். நல்ல ஆயில் ஊற்று, கூலன்ட் பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஆர்எஸ்ஸில் வரும் 1.8 லிட்டர் 20 வால்வு இன்ஜினையே எடுத்துக்கொள்கிறேன், மற்ற பழைய டர்போ கார்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

போன டர்போவுக்குப் பதிலாகப் பெரிய டர்போ

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். காரில் நீலப் புகை, கம்பெனியோடு வந்த கே03 டர்போவின் ஷாஃப்ட் ஆடியிருக்கிறது. எப்படியும் மாற்றத்தானே போகிறோம், இன்னும் கொஞ்சம் மேலே போட்டால் பெரியதே கிடைக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்து, ஒரு கடையில் கொடுத்து மாட்டியாயிற்று. கொஞ்ச நாள் நன்றாக இழுத்தது, அப்புறம் மறுபடி அதே நீலப் புகை. மாட்டியவர் டர்போ டூப்ளிகேட் என்றார், விற்றவர் மாட்டியதுதான் சரியில்லை என்றார். தம்பியோ "ஆயில் போன மாசம்தான் மாத்தினேன் அண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அவர் சொன்னது உண்மையும்கூட. இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றினோம். ஆயில் பம்ப் எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதிக்கு மேல் கறுப்புச் சேறு. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீட் பைப்பில் மெல்லிய கம்பியை விட்டால் அதுகூடப் போகவில்லை, உள்ளே அவ்வளவு கரி.

இந்தத் தவறு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் இதில் போவது லட்சக் கணக்கில், தடுக்க ஆவது சில ஆயிரமும் ஒரு நாள் வேலையும். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றுகிறது. அது உட்கார்ந்திருப்பது பேரிங்கின் மேல்கூட இல்லை, பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் மேல். அந்த ஆயில் சில விநாடி குறைந்தாலே உலோகமும் உலோகமும் உரசிவிடும். டர்போ தானாகச் சாவது அபூர்வம், பெரும்பாலும் ஆயில் வராமலோ, அழுக்கு ஆயில் வந்தோ, வெளியிலிருந்து ஏதாவது உள்ளே புகுந்தோதான் சாகிறது. எதனால் செத்தது என்று பார்க்காமல் அடுத்ததை மாட்டினால் அதே காரணம் புதியதையும் தின்னும், பெரியதாக இருந்தால் பெரிய தொகையாகத் தின்னும்.

1.8 டர்போவுக்கு இது தெரிந்த வியாதி. அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரையிலான பஸாட் கார்களுக்கு, இதே குடும்பத்து இன்ஜினில் ஆயில் சேறாகிறது என்பதற்காகவே ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வாகன் வாரண்டியை நீட்டித்தது. குளிர் நாட்டிலும் ஓடிய காருக்கே அந்தக் கதி என்றால், அக்னி நட்சத்திரத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினால், டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் அந்தச் சூட்டிலேயே வெந்து கரியாகிறது. போதாக்குறைக்கு முந்தைய ஓனர் விலை குறைவு என்று சாதாரண மினரல் ஆயில் ஊற்றி ஓட்டியிருப்பார். இதற்கு ஃபோக்ஸ்வாகன் 502 00 தரத்தில் வரும் 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில்தான் வேண்டும், அதையும் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டும்.

அதனால் டர்போ போயிருந்தால் முதலில் செய்ய வேண்டியது சம்பை இறக்குவது. ஸ்ட்ரெய்னரையும் ஃபீட் பைப்பையும் கழுவாதீர்கள், புதிதாகவே போடுங்கள், கழுவினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரி பாதியில் பெயர்ந்து புது டர்போவுக்கே போகும். ரிட்டர்ன் பைப்பில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஆயில் திரும்பி இறங்க வழியில்லை என்றாலும் சீல் தாண்டிப் புகை வரும், அதைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். டர்போ தரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். பழைய டர்போ கக்கிய எண்ணெயும், சில நேரம் உடைந்த பிளேடின் துண்டும் அதில் கிடக்கும். கடைசியாக கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் சரியில்லை என்றால் டர்போவுக்கு ஆர்டரே போடாதீர்கள்.

சரி, ஆயில் வழியெல்லாம் சுத்தம், இப்போதாவது பெரியது போடலாமா என்றால், கம்பெனிக்காரன் என்ன செய்தான் என்று பாருங்கள். இதே இன்ஜினை 225 குதிரைத்திறனுக்கு ஏற்றி ஆடி டிடியில் வைத்தபோது கே04 டர்போவை மட்டும் மாட்டிவிட்டு நிற்கவில்லை. பெரிய இன்ஜெக்டர், வேறு பிஸ்டன், இரண்டு இன்டர்கூலர் என்று எல்லாமே மாறின. நமக்கு வந்த ஆர்எஸ் 150 குதிரைத்திறன் கார், டார்க் 210 நியூட்டன் மீட்டர். டார்க் 400ஐத் தொடும்போது இந்த இன்ஜினின் கனெக்டிங் ராட் வளையும் என்பது இதைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், அது வளைந்தால் பிளாக்கும் சேர்ந்து போகலாம். தினமும் ஓட்டுகிற காருக்கு நல்ல கே03, ஓட்டையில்லாத பைப்புகள், ஒழுங்கான ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளைத் திருத்துவது), இது போதும். 180 குதிரைத்திறன் பக்கம் வரும், அந்த 180 நிற்கும்.

ஓட்டையை அடைக்காமல் பாகம் வாங்குவது

இருபது வருட ரப்பர் வெடிக்கத்தான் செய்யும். இன்டேக்கின் அடியில் இன்ஜினின் உள் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், மிஞ்சிய காற்றை இன்டேக்குக்கே திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம், இன்டர்கூலர் பைப்பின் கிளாம்பு, இந்த மூன்றில் ஒன்று போனாலே பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், பாதிதான் வரும். வண்டி இழுக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு ஸ்மோக் டெஸ்ட், அதாவது பைப்புகளுக்குள் புகையை விட்டு ஓட்டை எங்கே என்று பார்ப்பது. சிலிண்டர் அழுத்தம் பிடிக்கிறதா, கசிகிறதா என்று காட்டும் கம்ப்ரஷன், லீக்-டவுன் டெஸ்ட் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள், இன்ஜினை இறக்கவே வேண்டாம் என்றுகூடத் தெரியவரும்.

ஹெட்டைத் தேய்ப்பதும் போரிங்கும்

நம் ஊர் லேத்களில் கை சுத்தம் உண்டு. கொணவட்டத்தில் லாரி இன்ஜின் பார்த்துப் பழகிய கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட் வந்தாலே பழக்கத்தில் அதன் அடிப்பரப்பைத் தேய்த்து ஒரு ஃபேஸிங் போட்டுவிடுவார்கள். டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஹெட்டைத் தேய்க்கத் தேய்க்க கம்ப்ரஷன் விகிதம் ஏறும், விகிதம் ஏறினால் பூஸ்ட்டில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது), வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் மட்டும் தேவையான அளவுக்குத் தேய்க்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

சிலிண்டரை வெட்டிப் பெரிதாக்கும் போரிங்கில் இதைவிடப் பெரிய விபரீதம் நடக்கிறது. பிஸ்டன் பார்சலில் வருவதற்கு முன்பே பிளாக்கைக் கொடுத்து அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் வெட்டச் சொல்லிவிடுகிறார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதற்குக் கேட்கும் கிளியரன்ஸ் பிஸ்டன் தயாரித்தவன் கொடுக்கும் தாளில் இருக்கும். சாதாரண பிஸ்டனுக்கு விடும் இடைவெளியை விட்டால் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் கைக்கு வந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அப்புறம்தான் கத்தி வைக்க வேண்டும்.

சைலன்சர்

சத்தம் வரும். குதிரைத்திறன் வராது.

ப்ளோ-ஆஃப் வால்வு

இந்த இன்ஜின் உள்ளே வரும் காற்றை முதலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் கூடித்தான் போகும்.

வேலூர் வெயிலை மறப்பது

இங்கே நான் தயங்காமல் செலவு செய்யச் சொல்வது இன்டர்கூலருக்குத்தான். வெளியே 40 டிகிரி இருக்கும்போது 0.7 பார் அழுத்தினால் டர்போவிலிருந்து வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் சின்னதாக இருந்தால், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஒரு முறை முழுசாக மிதித்தபின் அடுத்த மிதிக்கு வண்டி சோர்ந்துபோகும். நாக்கிங்கைத் தடுக்க இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்வதுதான் காரணம். பானட்டுக்குள் திறந்தபடி உட்காரும் கூம்பு ஃபில்டர் இன்ஜினின் சூடான காற்றையே உறிஞ்சும், கம்பெனி ஏர் பாக்ஸை விட்டுவிடுங்கள்.

ரீமேப் ஃபைலை இறக்கிப் போடுவது

ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல் நம் பெட்ரோல் பங்கில் பிடிக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஆகாது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20க்கு 13.5ஐ ஒட்டித்தான் வேண்டும், அதாவது இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். முழு பூஸ்ட்டில் அது எட்டாமல் போனால் பிஸ்டன் உருகும். நீங்கள் தினமும் போடும் பெட்ரோலைப் போட்டு, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, உங்கள் காரிலேயே சரி செய்யும் ஆளிடம் போங்கள். பழைய ஃப்யூல் ஹோஸ்களையும் அப்போதே எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

டைமிங் பெல்ட்

பெல்ட், டென்ஷனர், இரும்பு இம்பெல்லர் வாட்டர் பம்ப், மூன்றும் ஒன்றாக. பெல்ட் அறுந்தால் 20 வால்வும் பிஸ்டனின் தயவில்.

ஆர்டிஓ

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 15 வருடம் தாண்டிய காரை ஆர்சி புதுப்பிக்கக் காட்டித்தான் ஆக வேண்டும். பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள்.

முதல் ஓட்டம்

கட்டி முடித்ததும் பெங்களூரு வரை ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ரிங் உட்காருவதற்கு ஏற்றமும் இறக்கமும் வேண்டும், பூஸ்ட்டை அளவோடு வைத்து ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏறி, கியரிலேயே இறங்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துத் திறந்து காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பொடி இருந்தால் பரவாயில்லை. செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம், வண்டியை ஓட்டாமல் சம்பைக் கழற்றுங்கள்.