நம் ஊருக்கு ஓர் உள்விளையாட்டரங்கம் கேட்டுப் பெறுவது எப்படி?

டெல்டா மாவட்டங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் விளையாடும் பிள்ளைகளுக்குப் பறிபோகும் மாதங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பள்ளித் திடல் சேறாகிவிடுகிறது. மழை விட்டாலும் தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணி அந்த நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில், வழவழப்பான டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் பயிற்சி செய்தது. சாம்பார் சிந்திய இடத்தைச் சாக்குப்பையால் துடைத்துவிட்டு ஆடிய ஒரு மாணவி, வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி, அந்தப் பருவம் முழுவதும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் மனு எழுதத் தொடங்கினோம். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

மனுவுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒரு மாதத்துக்கு, யார் எந்த விளையாட்டை எத்தனை மணிக்கு ஆடுகிறார்கள், மழையாலும் இருட்டாலும் எத்தனை நாள் பயிற்சி நின்றது என்பதைத் தேதியிட்டு எழுதுங்கள். "இளைஞர்கள் பயனடைவார்கள்" என்ற வரியை அதிகாரிகள் தினமும் படிக்கிறார்கள். நாற்பது பேரின் பயிற்சி பதினேழு நாள் நின்றது என்பது போன்ற கணக்கு அவர்களுக்கு அரிதாகவே வருகிறது.

அடுத்து, அளவைத் தீர்மானியுங்கள். பெரும்பாலான ஊர்கள் சறுக்குவது இங்கேதான். "ஒரு ஹால் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், சமுதாயக்கூடத்தின் உயரத்தில் ஒன்று கட்டப்படும். இறகுப்பந்தை உயர்த்தி அடித்தால் அது கூரையில் இடிக்கும். சில ஆண்டுகளில் அது நாற்காலி அடுக்கும் கிடங்காகிவிடும். பேட்மிண்டன் களம் 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் 2 மீட்டராவது இடம் விட வேண்டும். கூரை 9 மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. வாலிபால் களம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் இடமும், மேலே 7 மீட்டர் வரை தடையில்லாத வெளியும் தேவை. கபடிக்கு ஆண்கள் களம் 13க்கு 10, பெண்கள் களம் 12க்கு 8 மீட்டர். ஆகவே, உள்ளளவு 27 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் என்று கேட்டால், மூன்று பேட்மிண்டன் களங்களை வரையலாம். அதே தரையில் வேறு நேரத்தில் வாலிபாலும், விரிப்பு போட்டுக் கபடியும் ஆடலாம். பணம் போதவில்லை என்றால் நீளத்தைக் குறைக்கச் சம்மதியுங்கள். உயரத்தைக் குறைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். நீளத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கூரையைத் தூக்க முடியாது.

இடத்துக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணையும் நிலத்தின் வகையையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கைக் குறிப்பிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் மிகவும் வலுவானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. அம்மாக்களையும் அழைத்துச் செல்லுங்கள்; மாலை ஆறு மணிக்கு மேல் மகளை எங்கே அனுப்புவது என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு எதிர்வாதம் வராது. தீர்மான நகலுடன் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைச் சந்தியுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. மனுவின் நகலை அவர்களிடமும் கொடுத்து, அதிலிருந்து பணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வரைபடம் வந்ததும் நேரில் பாருங்கள். களத்தின் இரு முனைச் சுவர்களிலும் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் கண்ணில் அடித்துப் பந்து தெரியாது. விளக்குகள் தலைக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரையில் வெக்கை தாங்காது, மின்விசிறி போட்டால் இறகுப்பந்து திசை மாறும். ஆகவே வெப்பத் தடுப்பும், சுவரின் உச்சியில் காற்றுப் போக்கிகளும் தேவை. பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறையும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என்ற மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் பேட்மிண்டனில் பதக்கம் வென்றார்கள். வாசற்படியிலேயே திரும்பிப்போகும் பிள்ளை நம் ஊரில் இருக்கக் கூடாது.

கடைசியாக, சாவி. திறப்பு விழாவுக்கு முன்பே பராமரிப்புக் குழு அமைத்து, மின்கட்டணம் யார் கட்டுவது, கூட்டுவது யார், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாத நேரம் எது, பெண்களுக்கான நேரம் எது என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நேர அட்டவணையையும் அந்த இருவரின் தொலைபேசி எண்களையும் கதவிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள்.