கர்னல் மாற்றியதும் வைஃபை காணவில்லை: என் அனுபவம்

உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) உள்ள மடிக்கணினி. புதிய கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறியதும் வைஃபை அடையாளமே இல்லை. செட்டிங்ஸில் 'வைஃபை அடாப்டர் இல்லை' என்று வந்தது.

முதலில் டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (வயர்லெஸ் கருவிகள் அணைந்திருக்கின்றனவா என்று காட்டும் கட்டளை). அதில் வயர்லெஸ் லேன் என்ற வரியின் கீழே 'பிளாக்ட்: யெஸ்' என்று இருந்தால் வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அந்த வரியே வரவில்லை. அப்படியென்றால் பெரும்பாலும் டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை. கணினியில் உள்ள அட்டைகளையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ -கே கொடுத்தால் இன்டெல் வைஃபை அட்டை தெரிகிறது, ஆனால் அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லை. அந்த அட்டையின் டிரைவரைக் கையால் ஏற்ற மோட்ப்ரோப் ஐடபிள்யூஎல்வைஃபை என்று அடித்தபோது 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'. அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவர் கோப்புதான் வட்டில் இல்லை.

காரணம், புதிய கர்னலுக்காக லினக்ஸ்-இமேஜ் பொதியை (பேக்கேஜ்) மட்டும் தனியாக நிறுவியது. இந்தப் பதிப்பில் வைஃபை டிரைவர்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற வேறு பொதியில் இருக்கின்றன.

நெட் இல்லாமல் அதை எப்படி இறக்குவது? மறுதொடக்கம் செய்து, கிரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியல்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கர்னலில் நுழைந்தால் வைஃபை வந்துவிடும். இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: எக்ஸ்ட்ரா பொதியை நிறுவும்போது அதன் பெயரோடு யூநேம் -ஆர் (இப்போது ஓடும் கர்னலின் எண்ணைத் தரும் கட்டளை) சேர்த்தால் பழைய கர்னலின் எண்தான் விழும். புதிய கர்னலின் முழு எண்ணை, கடைசியில் வரும் '-ஜெனரிக்' உட்பட, கையால் அடிக்க வேண்டும்.

அதோடு லினக்ஸ்-ஜெனரிக் மெட்டா பொதியையும் (தேவையான மற்ற பொதிகளை இழுத்து வரும் பொதி) போட்டுவிடுங்கள். அடுத்த கர்னல் வரும்போது எக்ஸ்ட்ராவும் தானே கூட வரும்.